உச்சாணி ஏறிய முப்பத்தெட்டுப் படி

எங்கள் குடும்பத்தில் எல்லோரும் தரையில் நின்று பிழைத்தவர்கள். தையல், கடை, அச்சகம், லாரி ஷெட் என்று யாரை எடுத்துக்கொண்டாலும் கால் தரையில்தான். என் கடைசி நாத்தனார் ஒருத்திதான் எல்லோர் தலைக்கும் மேலே போய் உட்கார்ந்தவள். அதனால் உச்சாணி என்று அவளுக்குப் பெயர் விழுந்தது. வைத்தது நான்தான். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஆலையில் தன் தலைக்கவசத்தின் பின்பக்கம் அதையே எழுதி வைத்துக்கொண்டாள்.

என் மாமனாருக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவர் என் வீட்டுக்காரர், கடைக்குட்டி இவள். நான் வாழ வந்தபோது இவளுக்கு மூன்று வயது. வந்த முதல் வாரத்திலேயே துணி அலமாரியின் மேல்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றாள். இறங்கு கண்ணு என்று இரண்டு கையையும் நீட்டினேன். நான் சொல்லி அவள் கேட்காத முதல் தடவை அது. மாமனாருடைய தாய்மாமன் ஒருவர் மின்கம்பம் ஏறுகிற வேலை பார்த்தவராம். அந்தக் கால் இவளுக்கு வந்துவிட்டது என்று மாமியார் சொல்லிச் சிரித்தார்.

இருபத்தாறு வயதில் இரும்புக் குழாய் செய்யும் ஆலையில் கிரேன் ஓட்டப் போனாள். ரோட்டில் போகிற கிரேன் இல்லை இது. நீளமான கூடம். இரண்டு பக்கச் சுவரிலும் உயரத்தில் தண்டவாளம். அந்தத் தண்டவாளத்தின் மேல் கூடத்தின் குறுக்கே ஒரு இரும்புப் பாலம் முன்னும் பின்னும் ஓடும். பாலத்தின் அடியில் தொங்குகிற சின்னக் கண்ணாடி அறைதான் இவளுடைய இடம். கீழேயிருந்து நேர் ஏணியில் முப்பத்தெட்டுப் படி ஏறிப் போக வேண்டும். உள்ளே ஒரு இருக்கை, இரண்டு பக்கமும் கைப்பிடிகள். காலுக்குக் கீழே பத்து டன் தூக்குகிற கொக்கி.

ஒரு தடவை போர்மேன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குழாய் இறக்குகிற மரச்சட்டத்தின் மேல் வைத்துவிட்டு மறந்து போய்விட்டார். ஆறு டன் கட்டு இறங்கிக்கொண்டிருக்கிறது. கீழே நின்றவர் கையைக் காட்டிய நொடியில் இவள் நிறுத்தினாள். கண்ணாடிக்கு மேலே ஒரு விரல் இடைவெளி. போர்மேன் இன்றைக்கும் அதே கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறார்.

கீழே நின்று கையைக் காட்டுகிறவரைச் சைகைக்காரர் என்றே சொல்லுவோம். கூடத்தில் இருக்கிற இரைச்சலில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. அவர் கையைப் பார்த்துத்தான் இவள் ஓட்டுவாள். ஆள்காட்டி விரலை மேலே சுழற்றினால் தூக்கு. கீழே சுழற்றினால் இறக்கு. சுழற்றுகிற கைக்கு அடியில் மறு உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் மெல்ல. பகல் முழுக்க ஊமையாக நிற்கிற அந்த மனிதர் ஆலை வாசலைத் தாண்டினதும் பேச ஆரம்பித்தால் வீடு போய்ச் சேருகிற வரை நிறுத்தமாட்டார். இருபது வருஷத்துக்கு மேல் இவர்கள் இருவரும் ஒரே ஷிப்டு.

அந்தச் சைகைகளில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு, இறக்கு, தள்ளு எதுவானாலும் சைகைக்காரர் ஒருவர் காட்டினால்தான் செல்லும். முதலாளியே வந்து காட்டினாலும் கிரேன் நகராது. ஆனால் இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தால் நிறுத்து என்று அர்த்தம். அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். கூட்டுகிற அம்மாள் காட்டினாலும் சரி, வழி தவறி உள்ளே வந்தவன் காட்டினாலும் சரி. ஏன் எதற்கு என்று கேட்பதெல்லாம் நிறுத்தின பிறகுதான். இதைச் சொல்லும்போது உச்சாணிக்கு முகம் பூரித்துப் போகும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் செய்து காட்டுவாள். எனக்கு அவள் காட்டித் தெரிந்தது அந்த ஒரு சைகைதான்.

இருபத்துநாலு வருஷம் குனிந்து காலுக்குக் கீழேயே பார்த்துப் பார்த்து முதுகு போய்விட்டது. முதலில் இடுப்பு பிடித்தது. பிறகு இடது கால் மரத்தது. கடைசியில் ஏணியில் பாதி ஏறியபோது அந்தக் கால் படியில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். அன்றைக்கு அவளாகவே இறங்கி வந்து போர்மேனிடம் சொல்லிவிட்டாள். அறுவை சிகிச்சை செய்து முதுகெலும்பில் இரண்டு இடத்தில் திருகாணி வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆலையில் விடுப்பு கொடுத்தார்கள். திரும்பி வரும்போது ஆலை டாக்டர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால் மறுபடி கிரேன். இல்லையென்றால் கிடங்கில் கையுறை எண்ணி அடுக்குகிற வேலை.

தள்ளுவண்டியில் படுக்க வைத்து ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டு போகிறபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் மறுபடி ஏறணும். மத்ததெல்லாம் அப்புறம்."

முதல் இரண்டு நாள் பட்ட பாடு இருக்கிறதே, பிள்ளை பெற்றவர்களுக்கு ஓரளவு புரியும். அது ஒரு பகலோடு முடியும், இது விடிந்தாலும் அப்படியே நிற்கும். நர்சம்மா இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பார். இவள் மூணு என்பாள். மூணுக்கு என்ன கொடுப்பார்களோ அந்தச் சின்ன மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். எழுந்து நாலு அடி நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூணு என்று சொன்னவளால் புரண்டு படுக்க முடியவில்லை. தலையணை உறை வேர்வையில் நனைந்து இரண்டு தடவை மாற்றினேன். பல்லைக் கடித்த கடியில் தாடை வீங்கிவிட்டது. மூணு வலி என்கிறவள் ஏன் நடக்க மறுக்கிறாள் என்று டாக்டர் நர்சம்மாவைக் கேட்க, அவர் என்னைப் பார்க்க, நான் கூரையைப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் மாலை சைகைக்காரர் வந்தார். பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர், அன்றைக்குக் கட்டில் பக்கத்தில் நின்று இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போர்வைக்கு வெளியே இருந்த வலது கை கட்டில் கம்பியைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. பாரம் ஊசலாடும்போது கைப்பிடியை அவள் அப்படித்தான் பிடிப்பாளாம்.

"எத்தனைன்னு சொன்னே?" என்றார்.

"மூணு."

"எதுக்கு மூணு?"

"பத்துக்கு மூணுண்ணே. பத்துன்னா கயிறு அறுந்துடும். இன்னும் அறுந்துடலையே."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவளுடைய கிரேனில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, பத்து டன் என்று. நர்சம்மா பத்து என்று சொன்னதும் இவள் தன் கொக்கியை நினைத்துக்கொண்டாள். மூணு டன் என்றால் ஆலையில் அது ஒரு பாரமே இல்லை. இந்த வலியை நான் தாங்குகிறேன் அல்லவா, அப்படியானால் இது மூணுக்கு மேல் போகாது என்று கணக்குப் போட்டிருக்கிறாள். இப்படி ஒரு தப்பைக் கிரேன் ஓட்டுகிறவளைத் தவிர வேறு யார் செய்வார்கள்!

சைகைக்காரர் நர்சம்மாவைக் கூட்டி வந்து விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் சிரித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். வலியைத் தாங்கினதற்கு இங்கே பரிசு ஒன்றும் கிடையாது. மாத்திரை போடுவது உடம்பு எழுந்து நடக்கிறதற்கும், நெஞ்சு நிறைய மூச்சு இழுக்கிறதற்கும். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும். வலி உச்சிக்குப் போன பிறகு மாத்திரையை அனுப்பினால் அது பின்னாலேயே ஓடி மூச்சு வாங்கும்; அதற்கு முன்னால் நேரத்துக்குப் போட வேண்டும். இனிமேல் எண்ணே வேண்டாம், கையால் காட்டு என்றார். கட்டில் விளிம்பு தரை. அவள் தலைக்கு மேலே போனால் உச்சி. பாரம் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறதோ அந்த உயரத்துக்குக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

உச்சாணி கையைத் தூக்கினாள். அது அவள் நெற்றியைத் தாண்டிப் போய் நின்றது.

அன்றைக்குத்தான் பெரிய மாத்திரை வந்தது. ஒரு மணி நேரத்தில் கை தோளுக்கு இறங்கி, பிறகு மார்புக்கு வந்தது. மறுநாள் காலையில் என் தோளையும் நர்சம்மா தோளையும் பிடித்துக்கொண்டு கதவு வரை நடந்தாள். அதற்கடுத்த நாள் நடைவழியின் கோடி வரை போய்த் திரும்பினாள்.

அந்த மாத்திரைக்கு வேறு குணங்களும் இருந்தன. மூக்கு நுனி அரிக்கும். பேசிக்கொண்டே இருப்பவள் பாதி வார்த்தையில் கண்ணை மூடிவிடுவாள். ஒரு மத்தியானம் கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்து, யாருடைய அனுமதியில் என் தண்டவாளத்தில் வண்டியை விட்டாய் என்று சண்டை பிடித்தாள். பக்கத்துக் கட்டில்காரி பயந்து போய் விசிறியை நிறுத்தச் சொன்னாள். பிறகு வயிறு. ஐந்து நாள் கதவே திறக்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைத்தான் விசாரித்தார்கள். என் நாத்தனார் வயிற்றைப் பற்றி என் வீட்டுக்காரருடைய ஒன்றுவிட்ட தம்பி தொலைபேசியில் கவலைப்பட்டார் என்றால் பாருங்கள். ஆறாம் நாள், மலம் இளக்கும் மருந்தைக் குடித்து, சின்னச் சின்னதாய்த் தண்ணீரும் குடித்து, வெற்றியோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தாள். "பாரம் இறக்கியாச்சு அண்ணி" என்றாள். நர்சம்மா கை தட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு பொறுப்பை அவள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் ஜன்னலுக்கும் மேஜைக்கும் கண்ணாடி வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரு முழ நீளக் கண்ணாடியை ஓரம் தேய்த்துச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்து, கண்ணாடியில் கோடு போடுகிற மெழுகுப் பென்சிலால் நேரங்களை எழுதினார். பெரிய மாத்திரை எப்போது, சின்ன மாத்திரை எப்போது, வயிற்றுக்கு எப்போது, எத்தனை அடி நடை. எல்லாம் அதில் இருக்கும். விழுங்கியதும் அவளே ஒரு கோடு போட வேண்டும். வாரக் கடைசியில் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். மூன்று வாரத்தில் கை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் வந்தாள். வழியில் யார் நலம் விசாரித்தாலும், ஏறப் போகிறேன் என்பதுதான் பதில்.

நாலாவது வாரம் ஆலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் ஆலை டாக்டர் பார்ப்பார் என்று தேதி போட்டிருந்தது. அடியில் ஒரு வரி. உயரத்தில் வேலை செய்கிறவர்கள், பரிசோதனைக்கு முந்தைய ஒரு மாதத்தில் மயக்கமோ பழக்கமோ உண்டாக்கும் மாத்திரை எதுவும் சாப்பிட்டிருக்கக் கூடாது.

அதே நாள் என் நடு நாத்தனார் தொலைபேசியில் வந்தாள். அவள் மனசில் கல்மிஷம் கிடையாது, ஆனால் வாய்க்குக் கதவும் கிடையாது. கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அப்பா ரத்தம் உன் உடம்பிலும் ஓடுகிறது, மாத்திரை விஷயத்தில் பார்த்து நடந்துகொள் என்று சொல்லி வைத்துவிட்டாள். எங்கள் மாமனார் குடித்தவர். பகலெல்லாம் பொன்னான மனிதர், பொழுது சாய்ந்தால் வேறு ஆள். அந்தக் குடியிலேயே போய்ச் சேர்ந்தார். அப்போது உச்சாணிக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து ஒளித்து வைத்ததும் அவள்தான், அவர் கெஞ்சக் கெஞ்சத் தாங்காமல் திருப்பிக் கொடுத்ததும் அவள்தான். அந்தக் கதை எங்களுக்கெல்லாம் தெரியும். யாரும் பேசுவதில்லை.

உச்சாணி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டாள். நேரத்துக்கு எடுப்பாள், தண்ணீர் குடிப்பாள், கண்ணாடியில் கோடு போடுவாள். மாத்திரை ஊசி நூல் வைக்கிற தகர டப்பாவுக்குள் போகும்.

மறுநாள் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டாள். மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது. தோல் முழுக்கப் புல்லரித்து, உரித்த கோழி மாதிரி ஆயிற்று. வேர்த்துக் கொட்டும், உடனே குளிரும். ஐந்து நாள் திறக்காத வயிறு இப்போது மூடமாட்டேன் என்றது. படுத்தால் கால் தானாக உதைத்துக்கொண்டது. வலி பழையபடி தோளுக்கு ஏறிவிட்டது. சளிக் காய்ச்சல் என்று எங்களிடம் சாதித்தாள். அவள் வீட்டுக்காரர் கண்ணாடியைப் பார்த்தார். கோடெல்லாம் சரியாக இருந்தது. எனக்கும் சந்தேகம் வரவில்லை. அவள் பொய் சொல்லி நான் கண்டதில்லை. சொன்ன பேச்சைக் கேட்காதவள்தானே தவிரப் பொய்க்காரி இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சூப் கொண்டு போனேன். வாசல் கதவு திறந்து கிடந்தது, கட்டிலில் ஆளைக் காணோம். பின்கட்டில் ஏதோ இரும்புச் சத்தம். போய்ப் பார்த்தால் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற நேர் ஏணியில் ஐந்தாவது படியில் நிற்கிறாள். இடுப்புப் பட்டை கீழே கிடக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருக்கிறது. இரண்டு காலும் நடுங்குகின்றன. மேல் படிக்குக் கையைத் தூக்குகிறாள்.

கத்தினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவாள். கெஞ்சினால் கேட்கமாட்டாள், மூன்று வயதிலேயே கேட்காதவள். ஆனால் உயரத்தில் ஏறினால் கீழே பார்ப்பது அவளுக்கு இருபத்துநாலு வருஷப் பழக்கம். சூப் பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். அவள் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் அகல விரித்தேன்.

கீழே பார்த்தாள். மேலே போன கை அப்படியே நின்றது. அவளாக நிறுத்தவில்லை, கை தானாக நின்றுவிட்டது. அப்படியே இரண்டு பேரும் நின்றோம். என் தோள் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"அண்ணி," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அடுத்த சைகை?"

"எனக்கு அது ஒண்ணுதான்டி தெரியும்."

அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறாள். கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துச் சிரித்துவிட்டு, ஒவ்வொரு படியாகத் தானே இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நான் இடுப்பைத் தாங்கிப் பிடித்தேன். ஏணி அடியிலேயே உட்கார வைத்து, சூப்பைக் குடிக்கச் சொன்னேன். பாதி குடித்தபோது தகர டப்பா விஷயம் வெளியே வந்தது.

"மூணு நாளா அந்த டப்பாவையே பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணி. ஒண்ணை எடுத்துப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு உடம்பு சொல்லுது. அப்பாவும் இப்படித்தானே பையைப் பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்கு வந்துடுச்சு. இன்னும் ஏற முடியுதா பாக்கலாம்னு வந்தேன்."

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"ரத்தம்னா அப்பா ரத்தம் மட்டுமா? மின்கம்பம் ஏறினாரே தாத்தா, அவரு சோடாகூடக் குடிக்காத மனுஷன். அந்த ரத்தம் எங்கே போச்சு? கிளம்பு. டாக்டரக் கேட்போம்."

டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனோம். கண்ணாடிக் கடையிலிருந்து அவள் வீட்டுக்காரரும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நடந்ததையும் அப்பா கதையையும் சொன்னோம். டாக்டர் டப்பாவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், திட்டவில்லை. இது கிருமியும் இல்லை, குடிகாரர் ரத்தமும் இல்லை என்றார். இந்த மாத்திரையை இத்தனை நாள் சாப்பிட்ட யாருக்கும் உடம்பு அதற்குப் பழகிவிடும். ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். பழகிவிட்டது என்பது வேறு, அதற்கு அடிமையாவது வேறு. ஆனாலும் அப்பா விஷயத்தை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நாளைக் குறைத்து எழுதிக் கூடவே கவனித்துக்கொண்டிருப்பேன் என்றார். பிறகு அவர் கேட்டார், ஆலையில் ஆறு டன் தூக்கி வைத்திருந்து இறக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள் என்று. இவள் வலது கை ஆள்காட்டி விரலைக் கீழே சுழற்றி, அதற்கடியில் இடது உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள். டாக்டருக்குச் சைகை தெரியாது. ஆனாலும் புரிந்துகொண்டார்.

ஒரு அளவில் மறுபடி தொடங்கி, சில நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். ஐந்து வாரம் ஆகும் என்றார். உச்சாணி விரல் விட்டு எண்ணினாள். ஆலைக் கடிதம் சொன்ன கெடுவை ஒரு வாரம் தாண்டிப் போகிறது. அவள் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"போனா போகட்டும். ஏணி எங்கேயும் ஓடிடாது."

அன்றிலிருந்து மாத்திரை அவர் பையில். கண்ணாடியில் கோடு போடுகிறதும் அவர்தான். பென்சிலை அவளிடம் கொடுக்கவே இல்லை. அதற்கு அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் எப்போதும் பேசாதவர் என்பதால் வீட்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சாயங்காலம் ஷிப்டு முடிந்து சைகைக்காரர் வருவார். உள்ளே நுழைந்ததும் கண்ணாடியைப் பார்ப்பார். குறைக்கிற நாளாக இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் நடுக்கூடத்தில் நின்று, மெல்ல இறக்கு என்று கையைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் ஊர்க்கதை. குறைத்த மறுநாள் அவளுக்குத் தூக்கம் கெடும், கால் கொஞ்சம் உதைக்கும். மூன்றாம் நாள் அடங்கிவிடும். நடை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. தெருமுனை போய், பெரிய ரோடு போய், பாலத்தைத் தாண்டிப் பேருந்து நிலையம் வரை நீண்டது. பக்கத்தில் நடந்த எனக்குத்தான் முட்டி வலித்தது. எத்தனை என்று கேட்டாள். பத்து டன் என்றேன்.

ஒன்பதாவது வாரம் கடைசி மாத்திரையை விழுங்கினாள். அதன் பிறகும் வலி இருந்தது. குனிந்தால் முழங்கால் உயரம், மழை நாளில் இடுப்பு உயரம். டப்பாவில் மிஞ்சியதை ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து, பழையபடி ஊசி நூலைப் போட்டு வைத்தாள்.

பன்னிரண்டாவது வாரம் ஆலை டாக்டர் கேட்டபோது ஒன்றையும் மறைக்கவில்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள், தானாக நிறுத்தினது, பட்டது, கடைசியாக விழுங்கின தேதி, எல்லாம் சொன்னாள். கெடு ஒரு வாரம் குறைகிறதே என்றார் அவர். தெரியும் என்றாள். தேதியை மாற்றிச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் இன்னும் ஆறு வாரம் தள்ளிப் போட்டார். வெளியே வந்தவள் முகத்தில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் தள்ளித்தான் போட்டார், வேண்டாம் என்று சொல்லவில்லை என்று எனக்கே தைரியம் சொன்னாள். அந்த ஆறு வாரத்தில் முதுகைத் தாங்குகிற புது இருக்கை ஒன்றைக் கேபினில் போடச் சொல்லி, போர்மேனை நச்சரித்துப் போட வைத்துவிட்டாள்.

அந்த நாள் வந்தது. கூடத்தில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. பாரம் போகிற பாதைக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று போட்டது. போர்மேன் எங்களுக்கும் தலைக்கவசம் கொடுத்து அந்தக் கோட்டுக்குப் பின்னால் நிற்க வைத்தார். ஆலை டாக்டர் அட்டையும் பேனாவுமாக நின்றார். உச்சாணி ஏணி அடியில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஏறினாள். நான் மனசுக்குள் எண்ணினேன். பத்தொன்பதாவது படியில் நின்று மூச்சு விட்டாள். அவள் வீட்டுக்காரர் என் பக்கத்தில் மூச்சே விடவில்லை. முப்பத்தெட்டு. கண்ணாடிக் கதவு மூடியது. கிரேன் மணி இரண்டு தடவை அடித்தது.

சைகைக்காரர் விரலை மேலே சுழற்றினார். இரண்டு டன் குழாய்க் கட்டு தரையை விட்டு எழும்பியது. நேராக, ஆடாமல் எங்களை நோக்கி வந்தது. என் பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரருக்கு என்ன தோன்றியதோ, மேலேயே பார்த்துக்கொண்டு ஒரு அடி, இன்னொரு அடி என்று முன்னால் போகிறார். மஞ்சள் கோட்டைத் தாண்டப் போகிறார். நான் பதறிப் போய் அவர் முன்னால் பாய்ந்து இரண்டு கையையும் விரித்து மறித்தேன்.

கூடமே அமைதியானது. திரும்பிப் பார்த்தால் பாரம் நடு வானில் நிற்கிறது. சைகைக்காரர் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு என்னை முறைக்கிறார். போர்மேன் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்க்கிறார். அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. அவள் சாப்பாட்டில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று கை இரண்டும் தானாகக் கீழே விழுந்தன.

ஆலை டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. கொக்கியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நின்ற பாரத்தில் ஆட்டம் இல்லை. ஒரு குழாய் இன்னொரு குழாயோடு உரசுகிற சத்தம்கூட இல்லை. போர்மேன் அவர் காதருகே குனிந்து சொன்னார். இரைச்சல் நின்றிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"நாங்க கடைசியா வெக்கிற சோதனையே இதுதான் சார். சொல்லாம ஒருத்தரை விட்டு நிறுத்தச் சொல்லுவோம். அந்தம்மா முந்திக்கிட்டாங்க."

டாக்டர் அட்டையில் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சைகைக்காரர் பெருமூச்சு விட்டு, விரலைக் கீழே சுழற்றி, அடியில் உள்ளங்கையைப் பிடித்தார். கட்டு மெல்ல இறங்கி மரச்சட்டத்தில் உட்கார்ந்தது.

இறங்கி வந்தவள் முகமெல்லாம் வேர்வை. முதலில் தன் வீட்டுக்காரரை மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இன்னும் அந்த ஒண்ணுதான் தெரியுமா?"

"போதும்டி. நீ கேக்குறது அது ஒண்ணுதான்."

எத்தனை என்று கேட்டேன். கையைத் தன் முழங்காலுக்குக் கீழே காட்டினாள். அடுத்த கட்டு தயாராக இருக்கிறது என்று போர்மேன் குரல் கொடுத்தார். அவள் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதல் படியில் காலை வைத்தாள்.